ஓதுவாருக்குத் தயிர்சாதம்

மார்ச் 3

வெயில் தொடங்கிவிட்டது. பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் வேலையை இன்று ஆரம்பித்தேன். பின்பக்கம் துவைகல்லுக்கு அருகில் வாயகன்ற மண்சட்டியைத் தரையில் வைத்து நிரப்பி, பக்கத்தில் ஒரு பிடி நொய்யரிசியும் தூவினேன். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கி, விடுதிப் பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்ததும் போடுகிற அதே சத்தத்தைப் போட்டன. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

ஓதுவாரும் வந்தார். துவைகல்லின் நிழலில் அமர்ந்து குருவிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அசையவில்லை. அப்படி ஒரு லயிப்பு.

ஓதுவார் என்பது என் பூனை. நெற்றியில் மூன்று வரி, பட்டையாகத் திருநீறு பூசியதுபோல. விடிகாலையில் அடுக்களை ஜன்னலில் நின்று ராகம் இழுப்பார். கோயிலில் தேவாரம் பாடுகிறவரை நாம் அவன் இவன் என்று பேசுவதில்லை. அந்தப் பெயரை வைத்த பிறகு மரியாதையைக் குறைக்க முடியாது, எழுத்திலும் குறைக்க மாட்டேன். எதிர்வீட்டு பகவதியப்பன் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மூன்று வேளையும் தயிர்சாதம். விசேஷ நாளில் பருப்பும் நெய்யும். சொதி வைத்தால் காய்களை ஒதுக்கிவிட்டுத் தேங்காய்ப்பாலை மட்டும் நக்குவார். அப்பா காலத்திலிருந்து உயிர்க்கொலை அறியாத வீடு இது. பாளையங்கோட்டை முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு சுத்த சைவப் பூனை கிடைக்காது என்று யாரிடமும் பந்தயம் கட்டுவேன்.

கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்தபோது தினமும் எழுதிப் பழகிய கை. ஓய்வு கொடுத்த பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 5

பியூலா வந்து ரத்தக் கொதிப்புப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை, வாரா வாரம் அவளாகத்தான் வருகிறாள். கூடியிருக்கிறதாம்.

"உப்பக் கொறைங்கக்கா. அந்த வடகத்த மொதல்ல நிப்பாட்டுங்க."

"ஒன் வீட்டுக்காரன் உப்பளத்துல அள்ளிக் குவிக்கான், நீ குறைக்கச் சொல்லுத. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றேன். சிரித்தாள்.

பியூலாவும் அவள் கணவன் ஜெபசிங்கும் மாடியில் குடியிருக்கிறார்கள். நாசரேத் பக்கத்துப் பிள்ளைகள். அவள் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவனுக்குத் தூத்துக்குடியில் உப்புக் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவான். வீடு விடும்போது கேட்டில் பலகை தொங்கவிட்டிருந்தேன்: சைவம் மட்டும். இன்றைக்கும் அது தொங்குகிறது. "வீட்ல ஆக்க மாட்டோம்க்கா, வேணும்னா வெளிய சாப்பிட்டுக்கிடுவோம்" என்றாள். முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

முகம் பார்ப்பதில் நான் தவறியதே கிடையாது. சினிமாவுக்குப் போய்விட்டு லைப்ரரி என்று சொன்ன எத்தனை பேரைக் கண்ணைப் பார்த்தே பிடித்திருக்கிறேன்!

நல்ல பிள்ளைதான். ஆனாலும் "ஏட்டி" என்று கூப்பிடுவதில்லை. அது என் விடுதிப் பிள்ளைகளுக்கு மட்டும். குடியிருப்பவர்களிடம் வாம்மா போம்மாவோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

மார்ச் 8

பின்வாசல் படியில் ஓர் அணில் வால். வால் மட்டும். காகத்தின் வேலை.

ஓதுவார் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டுப் போய்விட்டார். வெயிலுக்குப் பசி மந்தித்திருக்கிறது போல. வயிறு என்னவோ நிறைந்துதான் தெரிகிறது. வாயு.

மார்ச் 11

பியூலா மாங்காய் கேட்டாள். மரத்தில் இன்னும் கொட்டைகூடப் பிடிக்கவில்லை. "பரவால்லக்கா, கொஞ்சம் உப்பும் வத்தப்பொடியும் இருந்தாப் போதும்" என்று கல்படியில் உட்கார்ந்து கடித்துத் தின்றாள். எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னவள்!

காலையில் மாடிக் குளியலறையில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி கேன்டீனில் கண்டதைத் தின்றால் வேறு என்ன ஆகும்? உடம்பும் பெருத்துக்கொண்டு வருகிறது. வெளியே சாப்பிடுகிற கோழி எல்லாம் ஒட்டுகிறது.

மார்ச் 13

பகவதியப்பன் கேட்டருகே நின்று குறைபட்டுக்கொண்டார். வராந்தாவில் அவர் லவ்பேர்ட்ஸ் கூண்டு தொங்கவிட்டிருக்கிறார். ஓதுவார் மதியமெல்லாம் அதற்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறாராம்.

"என்னைக்காவது ஒரு நாள் கைய வச்சிரும்மா ஒங்க பூனை."

"அவரு பாக்கத்தான செய்தாரு? பாத்தா ஒங்களுக்கு என்ன தேய்ஞ்சா போவுது?"

"பாக்கிற பார்வை சரியில்ல."

மனிதர் ஆட்டுக்கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்காதவர். அவர் கண்ணுக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும்.

மார்ச் 16

இன்று கண்ட ஒரு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை.

காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பியூலா ராத்திரி டூட்டி முடிந்து வந்து மாடிப்படி ஏறினாள். ஏறியவள் திரும்பி இறங்கினாள், கையில் நியூஸ்பேப்பர் பொட்டலம். என்னைப் பார்த்ததும் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "குப்பைக்கா" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைத் தொட்டிக்குப் போனாள். வீட்டுக் குப்பைக்கு வாசலிலேயே வாளி இருக்கிறது. எதற்குத் தெருமுனை வரை?

அப்புறம் மாடிப்படிக்குக் கீழே பார்த்தேன். தவிட்டு நிறத்தில் இரண்டு மூன்று இறகு. ஒரு சின்ன எலும்பு, தீக்குச்சி கனம்தான் இருக்கும். கோழி எலும்பு இப்படி இருக்காது. காடை! கடைத்தெருவில் காடை வறுவல் என்று புதிதாகப் போர்டு வைத்திருக்கிறார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை. விடுதியிலும் முதல் தடவை கேட்க மாட்டேன். பார்த்து வைத்துக்கொள்வேன்.

மார்ச் 18

மாடிப்படி ஓரத்துப் பிச்சிக்கொடியில் கொண்டைக்குருவி கூடு கட்டுகிறது. ஆணும் பெண்ணும் நாரும் சருகுமாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. படியில் நின்றால் கைக்கு எட்டும் உயரம். இத்தனை பெரிய காலனியில் நம் வீட்டைப் பார்த்து வந்திருக்கின்றன என்றால் சும்மாவா? எங்கே ஆபத்தில்லை என்று அவற்றுக்குத் தெரியும்.

பியூலாவும் பார்த்திருக்கிறாள். "எக்கா, கொடி ரொம்பத் தாழ இருக்கு. சுத்தி முள்ளு ஏதாச்சும் வச்சுக் கட்டுவமா?" என்றாள்.

"முள்ளா? பச்சப்புள்ள வளர வேண்டிய எடத்துலயா? இந்த வீட்ல அதுக எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டேன். அவள் ஓதுவாரைப் பார்த்தாள்.

மார்ச் 22

ஓதுவார் இடது காதில் கீறல். பிச்சிக்கொடி அருகில் நின்றுகொண்டிருந்தார், ஏதாவது குச்சி கிழித்திருக்கும். கூடையில் வைத்து ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சின்ன வயது, கண்ணாடி போட்டவர். காதுக்கு மருந்து போட்டுவிட்டு வாயைத் திறந்து பார்த்தார், கண்ணுக்குள் டார்ச் அடித்தார்.

"நல்ல தெம்பா இருக்கும்மா. என்ன சாப்பாடு போடுதீங்க?"

"தயிர்சாதம்" என்றேன் பெருமையாக.

"கூட?"

"கூட என்ன? பருப்பு. சொதி."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வெறும் தயிர்சாதம் திங்கிற பூனைக்கு இந்தக் கண்ணு இருக்காதும்மா. கறியில மட்டும் உள்ள ஒரு சத்து இருக்கு, அது இல்லன்னா பூனைக்குப் பார்வை மங்கிரும், இதயமும் கெட்டுரும். இதுக்கு அப்பிடி ஒண்ணுமே இல்ல. எங்கயோ நல்லாக் கறி சாப்பிடுது."

ஆட்டோவில் வரும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொட்டலம். இறகு. எலும்பு. ஓதுவார் தயிர்சாதத்தை ஒதுக்கியது. அவள் கடைத்தெருவிலிருந்து காடையும் கோழியும் கொண்டுவந்து மாடியில் தின்பதோடு நிற்கவில்லை. மிச்சத்தை ஓதுவாருக்கும் போட்டு அவரையும் கெடுத்துவிட்டாள்.

மார்ச் 23

மாடிக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஓதுவாருக்கு என்னம்மா குடுக்க?"

"எப்பமாவது பிஸ்கட் போடுவேன்க்கா. ஏன்?"

"டாக்டரே சொல்லிட்டாரு. அவரு கறி சாப்பிடுதாராம். என் அடுப்புல கறி கெடையாது. அப்போ யாரு அடுப்புல இருக்கு?"

முகம் சுண்டிப்போயிற்று. "நான் இந்த வீட்ல கறி ஆக்குனதே இல்லக்கா."

"அன்னைக்குப் பேப்பர்ல சுத்திக் கொண்டுபோனியே, அது என்ன?"

ஏதோ சொல்ல வந்தாள். ஓதுவார் படியில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது ஒண்ணுமில்லக்கா" என்றாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். கண்ணைத் தாழ்த்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சித்திரை முடியிறதுக்குள்ள வேற வீடு பாத்துக்கிடுங்க."

அவள் கெஞ்சவில்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

மார்ச் 24

மாடியில் சத்தமே இல்லை. நிம்மதி.

மார்ச் 25

தூக்கம் பிடிக்கவில்லை. வெக்கை.

மார்ச் 29

சனிக்கிழமை. ஜெபசிங் அட்டைப்பெட்டிகளைக் கட்டி பைக்கில் கொண்டுவந்தான். மாடிப்படிக்கு அடியில் அடுக்கினான். என்னைக் கண்டதும் நின்றான்.

"மகராஜநகர்ல ஒரு வீடு பாத்துருக்கோம்மா. மூணாவது மாடி. லிப்ட் இல்ல. அதான் யோசிக்கோம். அவளுக்கு இப்போ அஞ்சாம் மாசம், ஏறி எறங்கக் கஷ்டம். இந்த நேரத்துல வீடு மாத்தக் கூடாதுன்னு எங்கம்மா வேற ஒரே அழுகை."

அஞ்சாம் மாசம்.

"என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றேன்.

"சொல்லுவோம்னுதான் இருந்தோம். ஒங்களுக்கு மொதல்ல இனிப்பு குடுக்கணும்னு வாங்கி வச்சிருந்தா. அப்பத்தான் நீங்க மாடிக்கு வந்தீங்க."

மாசமாக இருந்தால் கறி சாப்பிடத் தோன்றும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாக்கு வாக்குதான். மாங்காயும் வாந்தியும் ஏன் என் கண்ணுக்குப் படவில்லை என்று நாள் முழுக்க யோசித்தேன். வேலை அதிகம், கவனிக்கவில்லை. இங்கே என்ன வேலை என்று கேட்டால், கோலம் போடுவதும் தயிர்சாதம் பிசைவதும்தான்.

ஏப்ரல் 4

கொண்டைக்குருவி குஞ்சு பொரித்துவிட்டது. மூன்று. வாய் மட்டும்தான் இருக்கிறது, உடம்பு பிறகு வரும் போல.

இந்த வாரமும் ரத்தக் கொதிப்புப் பார்க்க ஆள் வரவில்லை. பரவாயில்லை. எனக்கு ஒன்றும் செய்யவில்லை, லேசாகத் தலை சுற்றுகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 9

ஓதுவார் இரண்டு நாளாக மாடிப்படியை விட்டு நகரவில்லை. மூன்றாவது படி. கூட்டுக்கு நேர் கீழே. தாய்ப்பறவை அவர் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. பயப்படாதே, காவலுக்குத்தான் இருக்கிறார் என்று அதனிடம் சொன்னேன். பறவைக்கு எப்படிப் புரியும்?

பியூலா டூட்டிக்கு இறங்கும்போது அவரைத் தூக்கி என் வாசலில் விட்டுவிட்டுப் போனாள். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் அவர் மூன்றாவது படிக்குத் திரும்பிவிட்டார்.

ஏப்ரல் 13

நாளை சித்திரை விசு. கனி வைத்தேன். தாம்பாளத்தில் மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி, நடுவில் கண்ணாடி, அதன் காலடியில் கொன்றைப்பூ. வருஷத்தில் முதலில் காண்பது மங்கலமாக இருந்தால் வருஷம் முழுவதும் அப்படியே இருக்கும். கண்ணைப் பொத்திக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இல்லாததால் நானே கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வந்துவிடுவேன். இதுவரை எதிலும் முட்டியதில்லை.

அடுக்களை ஜன்னலை ஓதுவாருக்காக எப்போதும்போல் திறந்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 14

கண்ணை மூடியபடியே வந்தேன். மனையில் உட்கார்ந்தேன். நல்லதே காட்டு என்று வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

மாம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சு. இறகு முளைத்துப் பறக்கிற பருவம். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கண்ணாடிக்குள் இன்னொரு செத்த குஞ்சு. அதற்குப் பின்னால் என் முகம்.

தாம்பாளத்துக்குப் பக்கத்தில் பூனை உட்கார்ந்திருந்தது. மீசையில் ஒரு சின்ன இறகு. என்னைப் பார்த்து ராகம் இழுத்தது.

உட்கார்ந்திருந்தது என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

வெளியே ஓடினேன். கூட்டில் ஒன்றுதான் மிச்சம். மூன்றாவதைக் காணவில்லை. தாயும் தகப்பனும் பிச்சிக்கொடிக்கு மேலே கத்திக்கொண்டிருந்தன. பூனை என் பின்னாலேயே வந்தது. அதைப் பிடித்து சாமான் அறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். என் கையைப் பிறாண்டியது. முதல் தடவை.

அதன் பிறகு பின்பக்கம் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது, கால் தானாகப் போயிற்று. துவைகல்லுக்குப் பின்னால் பழைய ஆட்டுரல் கிடக்கிறது. அதற்கும் சுவருக்கும் இடையில் குனிந்து பார்த்தேன். தவிட்டுக்குருவி இறகு, அணில் வால், ஓணான் தோல், என்னவென்றே தெரியாத பொடி எலும்பு. ஒரு வருஷத்துக் குப்பை. அந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் நேர் எதிரே நான் வைத்த தண்ணீர்ச் சட்டி. பக்கத்தில் நான் தூவிய நொய். தினமும் காலையில் குருவிகளைக் கூப்பிட்டுப் பந்தி விரித்தது யார்? நான்தான்.

பிறாண்டிய கையோடு மாடி ஏறினேன். பியூலா அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தாள், யூனிபார்ம்கூட மாற்றவில்லை. கையைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்தாள். உட்காருங்க என்றுகூடச் சொல்லாமல் துடைக்கத் தொடங்கினாள்.

"அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

புதுப் பஞ்சை மருந்தில் நனைத்தாள். "அணில்க்கா. ஒரு நாள் குருவி. ஒரு நாள் ஓணான். டூட்டி முடிஞ்சு வரும்போது படியில கெடக்கும். நீங்க கோலம் போட வருததுக்குள்ள எடுத்துருவேன். நீங்க பாத்தா ஒடஞ்சு போயிருவீங்கல்லா."

"நான் கேட்டப்போ சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா என்ன செய்வீங்க? நம்புனா பூனைய வெரட்டுவீங்க. நம்பலைன்னா என்னைய வெரட்டுவீங்க." பஞ்சைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "பூனையாவது ஒங்களுக்குத் தொணைக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

முகம் பார்ப்பதில் தவறியதே இல்லை என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

"நான் செஞ்சது தப்பு, பியூலா" என்றேன். யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாததால் சத்தமாக வந்துவிட்டது, பகவதியப்பன் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "நீ எங்கயும் போக வேண்டாம்."

அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. "நான் சொன்னத நம்பியிருக்கலாம்க்கா நீங்க. கேக்கதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டீங்க. அவங்க வரட்டும், கலந்து சொல்லுதேன்" என்றாள். அது நியாயம்தான். கீழே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 15

பூனை சாமான் அறையில். நாள் முழுக்கக் கத்தல். தயிர்சாதம் வைத்தேன். தொடவில்லை.

கூட்டில் அந்த ஒன்று இருக்கிறது. தகப்பன் புழு கொண்டுவருகிறது. நொய்யையும் தண்ணீர்ச் சட்டியையும் தரையிலிருந்து எடுத்து, மொட்டைமாடித் துணிக்கம்பத்தில் உறி கட்டித் தொங்கவிட்டேன். எனக்கு மூச்சு வாங்கியது. பாதியில் பியூலா வந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 16

மாட்டாஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன், பூனை இல்லாமல். வரிசையில் இரண்டு ஆட்டுக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் நடுவில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

"அதை எங்கயாவது கொண்டுபோய் விட்டுறலாமா டாக்டர்?"

"எதுக்கும்மா?"

"கொலகாரப் பூனை."

சிரித்துவிட்டார். "அது பூனைம்மா. நீங்க அதுக்குச் சைவம்னு பேரு வச்சீங்க, அதுகிட்ட யாரு கேட்டா? வேண்டிய சத்து வீட்ல கெடைக்கல, போய்ச் சம்பாதிச்சிருக்கு. மீனோ கறியோ வயிறாரப் போடுங்க. சாயங்காலத்துல இருந்து காலம்பற வெயில் ஏறுத வரைக்கும் வீட்டுக்குள்ளயே வைங்க, குருவிக எறங்குத நேரம் அதான். அதோட ஆட்டத்துல பாதிக்கு மேல அடங்கிரும். முழுசா அடங்காது, அத இப்பமே சொல்லிருதேன்."

"எங்க வீட்ல மீன் வாங்குனதே கெடையாது" என்றேன்.

"அப்போ குருவிதான்" என்றார். அடுத்தது கன்றுக்குட்டி.

ஏப்ரல் 17

மிச்சமிருந்த குஞ்சு கூட்டிலிருந்து வெளியே வந்து கொடியின் நுனியில் உட்கார்ந்திருந்தது. மதியம் மாமரத்துக்குப் போய்விட்டது. ஒழுங்காகப் பறக்கக்கூடத் தெரியவில்லை, விழுந்து எழுந்துதான் போயிற்று. நானும் பியூலாவும் படியில் நின்று பார்த்தோம். போய்ச் சேர்ந்ததும் அவள் கை தட்டினாள். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாமான் அறைக் கதவருகே உட்கார்ந்து, உள்ளே அது கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் மேல் எனக்கிருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அதன் மேல் இல்லை.

ஏப்ரல் 19

சனிக்கிழமை. மீன்காரி பேச்சியம்மாள் தலையில் அலுமினியப் பாத்திரத்தோடு தெருவில் வந்தாள். நம் வீடு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடப்பாள். நான் பார்க்க எத்தனையோ வருஷமாக அப்படித்தான். இன்று நான் கேட்டைத் திறந்து நடுத்தெருவுக்குப் போய் நின்றேன்.

"இங்க கொண்டா."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. "என்னையவாம்மா?"

"ஒன்னையத்தான். என்ன மீன் இருக்கு?"

"அம்மா, இது சைவ வீடுல்லா?" அவள் பலகையைக் கையால் காட்டினாள்.

"வீடு சைவம்தான். பூனை இல்ல. என்ன இருக்குன்னு சொல்லு."

"சாளை இருக்கும்மா. பூனைக்குச் சாளைதான் நல்லது."

பகவதியப்பன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்தது. பார்க்கட்டும் என்று பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன். பேச்சியம்மாள் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தாள். கையை முழுசாக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தேன். வாடை இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே எல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தன.

அடுக்களைக்கு எடுத்துப்போக முடியாது. வாசலில் வைக்கவும் முடியாது, காகங்கள் இறங்கிவிட்டன. இதை வைத்துக்கொண்டு அடுத்தது என்ன செய்வது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மாடிப்படிக்குக் கீழே போய் நின்றேன்.

"ஏட்டி பியூலா!"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

மேலே கதவு திறந்தது. அவள் படித் தலைப்பில் நின்று என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பின்னால் ஜெபசிங் பனியனோடு எட்டிப் பார்த்தான். நான் பையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"ஏட்டி, இதை என்னட்டி செய்யணும்? தலையோட போடணுமா? உப்பு உண்டா? மேல ஒன் அடுப்புல வச்சுத் தா. என் அடுப்புல முடியாது."

அவள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அடங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இந்த வீட்ல மீன் ஆக்கக் கூடாதுல்லாக்கா" என்றாள்.

"ஆக்கு. நாளைக்கு ஒனக்கும் ஆக்கிக்கோ. அஞ்சாம் மாசத்துல வாய்க்குப் பிடிச்சதத் திங்காம எப்பத் திங்கப் போற? ஜன்னல மட்டும் எதிர்வீட்டுப் பக்கமாத் தொறந்து வை, வாடை பகவதியப்பனுக்குப் போகட்டும்."

ஜெபசிங் இறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டான். அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளைக் காலால் ஓரமாக ஒதுக்கினான். "மகராஜநகர் வீட்டுக்காரருக்கு வரலைன்னு இன்னைக்குக் காலையிலயே போன் போட்டுட்டாம்மா. ஒங்ககிட்ட ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா" என்றான். அவள் மேலிருந்து அவனை அதட்டினாள்.

கேட்டுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினேன். ஆணி வரவில்லை, ஜெபசிங்தான் பிடுங்கித் தந்தான்.

சாளை உப்பில்லாமல் வெந்து வந்தது. சாமான் அறையைத் திறந்து தட்டை வைத்துவிட்டு, பெரிய அட்டைப்பெட்டி ஒன்றையும் அருகில் போட்டேன், ராத்திரியில் படுக்க. தூர நின்று மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

ஓதுவார் வந்தார். முகர்ந்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையிலிருந்து ஆரம்பித்து, ஒரு முள் மிச்சமில்லாமல், சாப்பிட்டார்.